கப்பு சாக்ஸ்... கெத்து அப்பா!

ஷின்-சான் பார்த்து வளர்ந்தவங்க எல்லாம் கையைத் தூக்குங்க! ஓகே... இப்போ ஷின்-சானோட அப்பா பேரு தெரிஞ்சவங்க மட்டும் தூக்கின கையை அப்படியே வெச்சிருங்க. அட, என்னங்க இது... பாதிக் கை கீழே இறங்கிடுச்சு!

அதுதான் அந்த மனுஷனோட ராசி. ஷின்-சானைத் தெரியும். அவன் நாய்க்குட்டி ஷிரோவைத் தெரியும். கசாமா, மசாவோ, நெனே, போ-ன்னு அவன் ஃப்ரெண்ட்ஸ் பேரை எல்லாம் அட்டெண்டன்ஸ் மாதிரி வரிசையா சொல்வோம். சம்பாதிச்சுப் போடுற அப்பா பேரைக் கேட்டா மட்டும், 'அதான் மாப்ள, அந்த சாக்ஸ் நாறுற ஆளு'ம்போம்.

அந்த சாக்ஸ் நாறுற ஆளோட பேரு ஹிரோஷி நோஹாரா. இந்தியாவுக்கு வந்தப்போ டப்பிங்ல 'ஹாரி' ஆயிட்டார். அம்மா மிசாயே, 'மிட்ஸி' ஆயிட்டாங்க. 2006-ல ஹங்காமா டி.வி. இந்தத் தொடரை இங்கே இறக்குச்சு. தமிழ்ல பேச ஆரம்பிச்சதும் அவரு ஜப்பான்காரர்ங்கிறதே நமக்கு மறந்துபோச்சு. பக்கத்துத் தெரு அங்கிள் மாதிரி ஆயிட்டார்.

சின்ன வயசுல அவரு நமக்கு வெறும் காமெடி பீஸு. இப்போ 20 வயசுல, ஒரு பக்கம் அரியர், இன்னொரு பக்கம் ப்ளேஸ்மென்ட் ட்ரெயினிங்னு உட்கார்ந்துக்கிட்டு அதே எபிசோடைப் போட்டுப் பாருங்க. ஜோக் மாறலை. ஆனா சிரிப்பு வேற இடத்துல இருந்து வருது. ஏன்னு பார்ப்போம் வாங்க!

பயோடேட்டா ப்ளீஸ்!

பெயர்: ஹிரோஷி நோஹாரா

வயசு: 35 (டி.வி-யில 1992-ல இருந்தே இதே வயசுதான்!)

சொந்த ஊர்: ஜப்பானின் வடக்கே பனி கொட்டுற அகிதா. நெல்லுக்குப் பேர்போன சீமை

இப்போ குடியிருப்பது: டோக்கியோவுக்குப் பக்கத்துல கசுகபே

வேலை: டோக்கியோவில் ஒரு வர்த்தக கம்பெனி. மேனேஜர் திட்டுறதுக்கும் ஜூனியர் புலம்புறதுக்கும் நடுவுல ஒரு நாற்காலி

குடும்பம்: மனைவி மிசாயே (29), மகன் ஷின்னோசுகே (5), கைக்குழந்தை ஹிமாவாரி, நாய் ஷிரோ

சொத்து: சொந்த வீடு

கடன்: அதே வீட்டுக்கு இன்னும் 32 வருஷ லோன்

பிடித்தது: வேலை முடிஞ்சு வந்ததும் ஒரு கிளாஸ் பீர்

பயப்படுவது: மாசக் கடைசி, மிசாயேவோட கோபம்

ஆயுதம்: கழற்றின சாக்ஸ். வில்லன்களே மயங்கி விழுந்த வரலாறு உண்டு

காரியாபட்டி டு கசுகபே

ஷின்-சானை வரைஞ்சவர் யோஷிதோ உசுய். 1958-ல பிறந்தவர். சின்ன வயசுலயே கசுகபேக்குக் குடிவந்து அங்கேயே வளர்ந்தவர். 1990-ல 'வீக்லி மாங்கா ஆக்‌ஷன்'ங்கிற பத்திரிகையில இந்தக் கதையை ஆரம்பிச்சார். அது குழந்தைங்க பத்திரிகை இல்லை பாஸ், பெரியவங்க படிக்கிறது! ஆபீஸ் முடிஞ்சு ரயில்ல தொங்கிக்கிட்டுப் போற அப்பாக்கள் படிச்சுச் சிரிச்ச கதை அது. 1992 ஏப்ரல்ல டி.வி. அசாஹி அதை அனிமேஷனா ஆக்கின பிறகுதான் வாண்டுங்க கையில சிக்குச்சு. அதாவது, ஹிரோஷி முதல்ல நமக்காகப் பிறக்கவே இல்லை. நம்ம அப்பாக்களுக்காகப் பிறந்தவர்.

கசுகபேல இருந்து டோக்கியோ சுமார் 35 கிலோமீட்டர். எங்க ஊர் காரியாபட்டியில இருந்து மதுரை 30 கிலோமீட்டருக்குள்ள. கிட்டத்தட்ட ஒரே கணக்கு. ரெண்டு ஊருமே காலையில அப்பாக்களை வெளியே அனுப்பி, ராத்திரி திரும்ப வாங்கிக்கிற ஊரு.

அருப்புக்கோட்டையில இருந்து வர்ற மதுரை பஸ்ஸைக் காலையில எங்க பஸ் ஸ்டாண்டுல பார்க்கணுமே! வர்றப்பவே நிறைஞ்சுதான் வரும். அதுக்குள்ள இன்னும் ஒரு 20 பேர் ஏறுவாய்ங்க. ஒரு கையில டிபன் பை, ஒரு கையில மேல்கம்பி. ஹிரோஷி ரயில்ல நசுங்கிக்கிட்டே போற சீனை நான் முதன்முதலா டி.வி-யில பார்த்தப்போ எனக்கு ஜப்பான் ஞாபகம் வரலை. அந்த பஸ்தான் ஞாபகம் வந்துச்சு.

ஒற்றுமை பஸ்ஸோட முடியலை. ஹிரோஷி அகிதாவுல இருந்து டோக்கியோவுக்குப் பிழைக்க வந்தவர். அகிதா மாதிரி வடக்கு மாவட்டங்கள்ல குளிர்காலம் வந்தா வயலெல்லாம் பனிக்குள்ள புதைஞ்சுடும். விவசாயம் படுத்துடும். போருக்கு அப்புறம் பல வருஷங்கள், அந்த ஊரு அப்பாக்கள் பனிக்காலம் முழுக்க டோக்கியோ பக்கம் போய் கட்டட வேலை, ரோடு வேலை பார்த்தாங்க. வசந்தம் வந்தா ஊர் திரும்பி நாத்து நடணும். இதுக்கு ஜப்பான்ல 'தெகசேகி'ன்னே ஒரு பேர் இருக்கு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கான கட்டுமானத்துல இப்படி வந்தவங்களோட உழைப்பு நிறைய இருக்கு.

அங்கே பனி. இங்கே வெயில். அம்புட்டுதான் வித்தியாசம்! அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி எல்லாம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை கண்மாயை நிரப்புனாத்தான் பருத்தி, மக்காச்சோளம், மிளகாய்னு பேச முடியும். நிரப்பலைன்னா சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடணும், இல்லைன்னா பஸ் ஏறணும். மதுரைக்கோ, திருப்பூருக்கோ, கடல் தாண்டியோ. ஹிரோஷி மாதிரி 35 வயசு அப்பாக்கள் எங்க பக்கம் தெருவுக்கு நாலு பேர் உண்டு. ஒரே ஒரு வித்தியாசம், ஹிரோஷி ராத்திரி வீட்டுக்கு வந்துடுவார். இங்கே சிலர் பொங்கலுக்குத்தான் வருவாங்க.

உலக அப்பாக்கள் எல்லாம் ஒண்ணு கூடுங்க!

கார்ட்டூன்ல அப்பாவைக் கோமாளி ஆக்குறது ஹிரோஷியில ஆரம்பிக்கலை. 1960-ல அமெரிக்காவுல 'தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' வந்துச்சு. கற்காலத்துல கல்குவாரியில வேலை பார்க்கிற ஃப்ரெட்தான் ஹீரோ. சத்தம் போடுவார், ஊழல் ஐடியா போடுவார், மாட்டிக்குவார்.

அப்புறம் வந்தார் கோமாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி, ஹோமர் சிம்ப்சன்! 1987-ல ஒரு டி.வி. நிகழ்ச்சிக்கு நடுவுல குட்டிக் குட்டித் துண்டா வந்து, 1989 டிசம்பர்ல தனித் தொடரா ஆனது 'தி சிம்ப்சன்ஸ்'. ஹோமர் வேலை பார்க்கிறது அணுமின் நிலையத்துல. அதுவும் பாதுகாப்பு அதிகாரியா! தூங்கி வழிவார், டோனட் தின்பார். இந்தக் கேரக்டரை உருவாக்கின மேட் க்ரேனிங், ஹோமர்ங்கிற பேரை எங்கே பிடிச்சார் தெரியுமா? அது அவரோட சொந்த அப்பா பேரு! நாம இங்கே அப்பா பேரை இனிஷியலா வெச்சுக்கிறோம். அவரு கார்ட்டூனுக்கே வெச்சுட்டார்.

அந்த ஹோமருக்கே ஒரு எபிசோட் உண்டு. மூணாவது குழந்தை மேகி பிறந்ததால, பிடிச்ச வேலையை விட்டுட்டு, பிடிக்காத பழைய வேலைக்கே தலையைக் குனிஞ்சு திரும்பிப் போவார். இனிமேல் உனக்கு இதுதான் கதின்னு முகத்துல அடிக்கிற மாதிரி ஒரு பலகையை முதலாளி அவர் சீட்டுக்கு எதிரே மாட்டி வைப்பார். ஹோமர் அந்தப் பலகை மேல மேகியோட போட்டோக்களை ஒட்டி ஒட்டி, சில எழுத்துகளை மறைச்சு, வாசகத்தையே மாத்திடுவார். எல்லாம் அந்தக் குழந்தைக்காகன்னு அர்த்தம் வர்ற மாதிரி! 1995-ல வந்த எபிசோட் அது. கல் நெஞ்சக்காரனுக்கும் கண்ணு வேர்க்கும்.

நம்ம பக்கம் வாங்க. தமிழ் சினிமா அப்பாக்களைக் கொஞ்சம் யோசிங்க. 'எம் மகன்' நாசர் (2006) மாதிரி வீட்டுக்குள்ள வந்தாலே சப்த நாடியும் அடங்குற டெரர் அப்பா. 'தவமாய் தவமிருந்து' ராஜ்கிரண் (2005) மாதிரி பிள்ளைகளுக்காகத் தேஞ்சுபோற தியாகி அப்பா. 'சந்தோஷ் சுப்பிரமணியம்' பிரகாஷ்ராஜ் (2008) மாதிரி சட்டை கலர் வரைக்கும் தானே தேர்ந்தெடுக்கிற ஓவர் பாச அப்பா. ஒண்ணு பயப்படணும், இல்லை கும்பிடணும், இல்லை தப்பிச்சு ஓடணும். உட்கார்ந்து கலாய்க்கிற மாதிரி அப்பா நமக்கு ரொம்பக் கம்மி.

அந்தக் காலி இடத்துல வந்து உட்கார்ந்தவர்தான் ஹிரோஷி. தமிழ் பேசுற வீட்டுக்குள்ள, அஞ்சு வயசுப் பையன் அப்பாவை ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுறான். அப்பாவும் திருப்பி ஓட்டுறார். தெய்வக் குத்தம் எதுவும் ஆகலை. நமக்கு அது எம்புட்டுப் பெரிய ரிலீஃபு!

சாக்ஸுக்குப் பின்னால ஒரு சரித்திரம்

சரி, மெயின் மேட்டருக்கு வருவோம். அந்த சாக்ஸ்.

2001-ல கெய்ச்சி ஹாரா இயக்கத்துல ஒரு ஷின்-சான் சினிமா வந்துச்சு. கசுகபேயில ஒரு தீம் பார்க் திறக்கிறாங்க. பழைய காலத்து ஜப்பானை அப்படியே உள்ளே உருவாக்கி வெச்சிருக்காங்க. பெரியவங்க எல்லாம் போய்ப் போய் அதுலயே மயங்கிடுறாங்க. அந்தக் காலத்து வாசனையைக் காத்துல கலந்து விட்டுத்தான் வில்லன் கோஷ்டி வேலையைக் காட்டுது. ஒருநாள் அப்பா அம்மாவெல்லாம் வேலையை விட்டுட்டு, பிள்ளைகளை விட்டுட்டு, சின்னப் பசங்க மாதிரி ஆடிப் பாடிக்கிட்டு அந்த பார்க்குக்குள்ள போயிடுறாங்க. ஊர்ல மிச்சம் இருக்கிறது குழந்தைங்க மட்டும்.

ஷின்-சான் அப்பாவைத் தேடிப் போறான். ஹிரோஷி அங்கே சின்னப் பையனா மாறி நிக்கிறார். 1970-ல ஒசாகாவுல நடந்த உலகக் கண்காட்சி. அமெரிக்க அரங்குல நிலாக் கல்லு வெச்சிருக்காங்க. கியூ நீளமா இருக்கு. எனக்கு அதைப் பார்த்தே ஆகணும்னு குட்டி ஹிரோஷி அடம் பிடிக்கிறார். மகன் எம்புட்டுக் கூப்பிட்டும் அடையாளமே தெரியலை.

ஷின்-சான் என்ன பண்றான் தெரியுமா? அப்பாவோட ஷூவைக் கழற்றி அவர் மூக்குலயே வைக்கிறான். வாசனைக்கு எதிரா நாத்தம்!

தியேட்டர்ல எல்லாரும் சிரிக்கிற இடம். அடுத்த நொடி சிரிப்பு நின்னுடுது. ஏன்னா அந்த நாத்தத்துல அவரோட மொத்த வாழ்க்கையும் திரும்பி வருது. அப்பாவோட சைக்கிள்ல பின்னாடி உட்கார்ந்து போன பையன். ஊரை விட்டு டோக்கியோவுக்கு வந்த இளைஞன். வேலையில சேர்ந்த புதுசுல வாங்கின திட்டு. வெயில்ல அலைஞ்ச அலைச்சல். மிசாயே. ஆஸ்பத்திரியில கைக்குழந்தையா ஷின்-சான். சொந்த வீடு. மறுபடி ரயில், மறுபடி வேலை, மறுபடி ராத்திரி. பெரும்பாலும் வசனமே இல்லை, இசை மட்டும். முடியுறப்போ ஹிரோஷி மகனைக் கட்டிப் பிடிச்சு அழறார்.

தொடர் ஆரம்பிச்சு ஒன்பது வருஷமா ஒரு ஜோக்கை ஓட்டிட்டு, கடைசியில ஒரே சீன்ல அந்த ஜோக்குக்கு விலைப்பட்டியல் போட்டுக் காட்டிட்டாங்க. அந்தக் கால் ஏன் நாறுது? காலையில போட்ட ஷூவை ராத்திரி வரைக்கும் கழற்ற நேரம் இல்லாததால! அம்புட்டு சிம்பிளான பதில். நமக்குத்தான் இம்புட்டு நாளா கேட்கத் தோணலை.

எங்க ஊரு வாசனை

எங்க பக்கம் அப்பாக்கள் முக்கால்வாசி பேர் ஷூ போடுறதில்லை. ரப்பர் செருப்புதான். ஆனா வாசனை உண்டு. கண்ணை மூடிக்கிட்டே யார் வீட்டு அப்பா எங்கே வேலை பார்க்கிறார்னு சொல்லலாம். லாரி ஓட்டுறவர் சட்டையில டீசல். சிவகாசி, சாத்தூர் பக்கம் வேலைக்குப் போறவங்க கையில மருந்து வாசனை. எம்புட்டு சோப்புப் போட்டாலும் லேசா நிக்கும். கரிமூட்டம் போடுறவர் பக்கத்துல வந்தாலே புகை. பூ மார்க்கெட்டுக்கு மல்லி கொண்டுபோறவர் மட்டும் அதிர்ஷ்டக்காரர், வீட்டுக்கு வர்றப்போ மணக்க மணக்க வருவார்!

எங்கப்பா ஸ்பின்னிங் மில்லுல ஷிஃப்ட் பார்த்தவர். எண்ணெய் வாசனையோட வருவார். தலைமுடி, புருவம், மீசை எல்லாம் பஞ்சு. சின்ன வயசுல நானும் என் தங்கச்சியும் வாசல்லயே அவரைப் பிடிச்சு வெச்சு, 'ஐயோ, அப்பா கிழவர் ஆயிட்டாரு'ன்னு கத்துவோம். அவரும் உடனே முதுகைக் கூனிக்கிட்டு, இல்லாத தடியை ஊன்றிக்கிட்டு, இருமிக்கிட்டே உள்ளே வருவார். எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்த மனுஷன்! துண்டை எடுத்துத் தட்டினா பஞ்செல்லாம் பறந்துடும், முடி மறுபடி கறுப்பாயிடும். நாங்க சிரிச்சு முடிச்ச பிறகுதான் டீ குடிப்பார்.

இப்போ அந்த வெள்ளை தட்டினா உதிர்றதில்லை.

ஹிரோஷியைப் பார்க்கிறப்போ எனக்குத் தோணுறது இதுதான். அப்பா கோமாளி ஆகுறது தானா நடக்கிற விஷயம் இல்லை. வெளியே பட்ட திட்டு, கால் வலி, லோன் எல்லாத்தையும் வாசல்லயே செருப்போட கழற்றிப் போட்டுட்டு, 'வாங்கடா, என்னைக் கலாய்ங்க'ன்னு உட்காருறாரே... அது அவரா எடுக்கிற முடிவு. அதுக்கும் தெம்பு வேணும்.

அட... இவரா தோத்தவரு?

இப்போ ஒரு ட்விஸ்ட். 1990-ல உசுய் இந்தக் கதையை ஆரம்பிச்சப்போ ஹிரோஷி ஒரு சுமாரான ஆளு. சுமாரான கம்பெனி, சுமாரான பதவி. டோக்கியோவுல வீடு வாங்க வசதி இல்லாம கசுகபேயில வாங்கினவர். மாசாமாசம் சம்பளத்தை மனைவி கையில கொடுத்துட்டு பாக்கெட் மணி வாங்குறவர். அந்தக் காலத்து ஜப்பானோட சராசரி அப்பா. சராசரின்னுதானே சிரிச்சாங்க!

அப்போ ஜப்பான் உச்சத்துல இருந்த நேரம். 1989 டிசம்பர் கடைசியில டோக்கியோ பங்குச் சந்தையோட நிக்கேய் குறியீடு 38,915-ஐத் தொட்டுச்சு. அப்புறம் குமிழி உடைஞ்சு விழுந்தது பாருங்க... மறுபடி அந்த உயரத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி வரைக்கும் ஆச்சு. 34 வருஷம்! நடுவுல சம்பளம் பெருசா ஏறலை. 1990-ல சம்பள வேலை பார்த்தவங்கள்ல அஞ்சு பேருக்கு ஒருத்தர்தான் நிரந்தரம் இல்லாத வேலையில இருந்தார். இப்போ மூணு பேருக்கு ஒருத்தருக்கும் மேல.

விளைவு? ஜப்பான் இளைஞர்கள் ஹிரோஷியைத் திரும்பிப் பார்க்கிறாங்க. 35 வயசுல நிரந்தர வேலை, சொந்த வீடு, கார், ஒரே சம்பளத்துல ரெண்டு குழந்தை, ஒரு நாய்! 'யோவ், இந்த ஆளு ஜெயிச்சவன்யா'ன்னு அங்கே ஒரு பேச்சே ஓடுது. ஹிரோஷி ஒரு அங்குலம்கூட மாறலை. அவரைச் சுத்தி உலகம் இறங்கிடுச்சு.

இங்கேதான் மாப்ள நமக்கு வயித்துல புளி கரைக்குது. ஹாஸ்டல்ல நாம போடுற கணக்கு என்ன? கேம்பஸ்ல ஒரு வேலை, அப்புறம் ஒரு பைக், அப்புறம் தங்கச்சி கல்யாணம், 35-க்குள்ள ஒரு வீடு. இதைச் சின்ன ஆசைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். ஹிரோஷி கதையைப் பார்த்தா, 'சாதாரண வாழ்க்கை'ங்கிறது சாதாரணமா கிடைக்கிற ஐட்டம் இல்லைன்னு புரியுது. காலமும் கொஞ்சம் ஒத்துழைக்கணும்.

எங்க வகுப்புல பாதிப் பேர் முதல் பட்டதாரி. சர்ட்டிபிகேட்டோட ஜெராக்ஸை ஃபைல்ல பத்திரமா வெச்சிருப்போம். எஜுகேஷன் லோன் ஃபார்மைப் பார்த்திருக்கீங்களா? நம்ம பேருக்குக் கீழே கூட்டுக் கடன்தாரர்னு ஒரு கட்டம் இருக்கும். அங்கே அப்பா கையெழுத்துப் போட்டிருப்பார். நம்ம கோர்ஸ் நாலு வருஷம், கடன் அதுக்கு அப்புறமும் ஓடும். ஹிரோஷியோட 32 வருஷ லோனைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சோமே... அதே ஜோக்குல நம்ம பேரும் இருக்கு பாஸ்!

இன்னொண்ணு சொல்லணும். தொடர்ல 2001 வாக்குல கேஸ் கசிஞ்சு அந்த வீடே வெடிச்சுப் போயிடும். குடும்பமே ஒரு ஓட்டை அபார்ட்மென்ட்டுக்குக் குடிபோகும். அங்கேயும் மறுநாள் காலையில ஹிரோஷி டை கட்டிக்கிட்டு ஆபீஸுக்குக் கிளம்பியாகணும். அம்புட்டுதான். அதுக்கு மேல ஒரு வீர வசனமும் கிடையாது.

ஹலோ... அம்மாவை மறந்துட்டீங்களே!

கேர்ள்ஸ் கூட்டம் சண்டைக்கு வர்றது காதுல கேட்குது. நியாயம்தான்! ஹிரோஷி ஒண்ணும் உத்தம புத்திரன் இல்லை. அழகான பொண்ணைப் பார்த்தா கண்ணு போகுது. குடிச்சுட்டு லேட்டா வர்றார். லீவு நாள்ல சோஃபாவை விட்டு எழுந்திரிக்க மாட்டார். சமையல், துணி, ஷின்-சான், கைக்குழந்தை எல்லாம் 29 வயசு மிசாயே தலையில. அவங்களுக்கு சம்பளம் கிடையாது, ரிட்டயர்மென்ட் கிடையாது, அவங்களைப் பத்தின ஜோக்கு மட்டும் நிறைய உண்டு. ஒரே சம்பளத்துல அந்த வீடு ஓடுதுன்னா, அதை ஓட்டுறது மிசாயேவோட கணக்கு நோட்டுதான். எங்க பக்கம் அப்பா பொங்கலுக்கு மட்டும் வர்ற வீடுகள்ல, மிச்ச நாள் எல்லாம் அப்பா வேலையையும் சேர்த்துப் பார்க்கிறவங்க யாருன்னு சொல்லவே வேண்டாம்.

பெத்தவங்களும் இந்தக் குடும்பத்து மேல காண்டாத்தான் இருந்தாங்க. ஜப்பான்ல பெற்றோர்-ஆசிரியர் சங்கங்கள் எடுத்த சர்வேக்கள்ல 'பிள்ளைங்க பார்க்க வேண்டாம்'ங்கிற லிஸ்ட்ல வருஷக் கணக்கா ஷின்-சானுக்கு முன்வரிசை. இங்கேயும் புகார் கிளம்பி 2008-ல தொடர் நிறுத்தப்பட்டு, 2009-ல வெட்டி ஒட்டித்தான் திரும்ப வந்துச்சு. பையன் வாயைப் பார்த்துப் பயந்தாங்க. அந்த வீட்டுல ராத்திரி எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுறதை யாரும் புகார்ல எழுதலை!

இந்த அப்பாவோட குறை எல்லாம் தொடர் எடுத்தவங்களுக்கும் தெரியும். 2014-ல வந்த 'ரோபோ அப்பா' சினிமாவுல அதைத்தான் பிடிச்சாங்க. முதுகு பிடிச்சுக்கிச்சேன்னு ஒரு மசாஜ் கடைக்குப் போற ஹிரோஷி, ரோபோவா வீடு திரும்புவார். ரோபோ அப்பா சூப்பர்! சமைக்கிறார், வீட்டு வேலை பார்க்கிறார், களைக்கவே மாட்டேங்கிறார். பின்னால பார்த்தா, வீட்டுல அப்பாக்களுக்கு மரியாதையே போச்சு, பழைய அதிகாரம் வேணும்னு கிளம்பின ஒரு கும்பலோட சதி அது. நிஜ அப்பாவும் வந்துடுறார். ரோபோவுக்குள்ள இருக்கிறதும் அதே ஹிரோஷியோட நினைவுகள்தான். கடைசியில ரெண்டு அப்பாவும் மேஜை போட்டுக் கையை மடக்குற போட்டியில இறங்குறாங்க. இரும்புக் கை தோத்து, முதுகு வலிக்காரர் ஜெயிக்கிறார். அதிகாரம் பண்ற அப்பாவும் வேண்டாம், குறையே இல்லாத மெஷின் அப்பாவும் வேண்டாம், இந்த முதுகுவலி கேஸே போதும்னு முடிச்சாங்க.

குரல் மாறிடுச்சு... வயசு மாறலை

ஜப்பான்ல ஹிரோஷிக்குக் குரல் கொடுத்தவர் கெய்ஜி ஃபுஜிவாரா. 1992-ல ஆரம்பிச்சப்போ அவருக்கு வயசு 27. தன்னைவிட எட்டு வயசு மூத்த அப்பாவா பேசினார். 35-ஐத் தொட்டார், தாண்டினார். ஹிரோஷி அங்கேயே நின்னுட்டார். 2016-ல உடல்நிலை காரணமா ஒதுங்கிக்க, தோஷியுகி மோரிகவா அந்தக் குரலை ஏத்துக்கிட்டார். 2020 ஏப்ரல்ல ஃபுஜிவாரா காலமானார், 55 வயசுல. உசுய் அதுக்கும் முன்னாடியே, 2009 செப்டம்பர்ல, மலையேறப் போன இடத்துல தவறி விழுந்து இறந்துட்டார். வரைஞ்சவர் இல்லை, முதல் குரல் இல்லை. ஹிரோஷி மட்டும் இன்னும் அதே ரயிலைப் பிடிக்க ஓடிக்கிட்டு இருக்கார்.

கணக்குப் போட்டா, 1992-ல அஞ்சு வயசா இருந்த ஷின்-சானுக்கு இப்போ அப்பாவோட 35-ஐயே தாண்டியிருக்கணும். கார்ட்டூன்ல அது நடக்காது. நமக்கு நடக்கும். நமக்கு 20. இன்னும் 15 வருஷத்துல நாமதான் அந்த வயசு. அதுக்குள்ள நம்ம அப்பாக்களோட குரலும் நடையும் மாறிடும்.

அதனால ஒரு சின்ன அசைன்மென்ட், இன்டர்னல் மார்க் கிடையாது! ஹிரோஷிக்கு மூணு நிமிஷ ஃப்ளாஷ்பேக்கை டைரக்டர் போட்டுக் காட்டினார். நம்ம அப்பாவோட ஃப்ளாஷ்பேக்கை யாரும் எடுத்து வைக்கலை. சைக்கிள்ல பின்னாடி உட்கார்ந்து எங்கே போனார், முதல் சம்பளம் எவ்வளவு, முதல் நாள் யார்கிட்ட திட்டு வாங்கினார், எந்த பஸ்ஸை விட்டுட்டு நடந்தே வந்தார்... நாம கேட்டாத்தான் உண்டு. 'சாப்பிட்டியா, பணம் இருக்கா, சரி அம்மாகிட்ட கொடுக்கிறேன்'னு ஃபோனைக் கைமாத்துற ஆளுங்ககிட்ட இதை எப்படிக் கேட்கிறதுன்னு யோசிக்காதீங்க. மொதல்ல கலாய்ங்க. அப்புறம் தானா வரும்.